போர்க்களத்தோடு விட்டுப்போன ஹெராயின்

1971இல் ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்ஃபி என்னும் இரண்டு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் வியட்நாமைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அங்கிருந்த தங்கள் வீரர்களில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேர் ஹெராயினுக்கு அடிமை என்றது மே மாதம் வந்த அவர்களுடைய அறிக்கை. ஊர் திரும்பும் பிள்ளைகளோடு இந்தப் பழக்கமும் வந்து இறங்கிவிடுமே என்று அமெரிக்கா பதறியது.

ஜூன் மாதமே அதிபர் நிக்சன் மனநல மருத்துவர் ஜெரோம் ஜாஃபியை இதைச் சமாளிக்கும் பொறுப்பில் அமர்த்தினார். நாடு திரும்பும் வீரர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை வந்தது. அதில் சிக்கியவர் சில நாள் அங்கேயே தங்கி, போதை தெளிந்த பிறகுதான் விமானம் ஏறலாம்.

வீடு போய்ச் சேர்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் லீ ராபின்ஸிடம் அதைக் கண்டறியும் வேலை ஒப்படைக்கப்பட்டது. 1971 செப்டம்பரில் திரும்பிய வீரர்களில் சுமார் 900 பேரை அவருடைய குழு தேடிப்பிடித்துப் பேசியது. ஏறக்குறையப் பாதிப்பேர் வியட்நாமில் அபினோ ஹெராயினோ தொட்டிருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அடிமையாகவே இருந்திருக்கிறார். ஆனால் அப்படி அடிமையானவர்களில் முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 5 சதவீதம்தான். மூன்று ஆண்டில் 12 சதவீதம்.

பலரால் இதை நம்ப முடியவில்லை. கென்டக்கியின் லெக்சிங்டன் அரசு மருத்துவமனையில் சிகிச்சை முடித்துப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவும் ஹெராயினிடமே போனதைத்தான் அதுவரை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இன்னொன்றும் இருக்கிறது, என் பார்வையில் ஆய்வின் உயிரே அதுதான்: வியட்நாமில் அடிமையாக இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊரில் ஒருமுறையாவது மறுபடி தொட்டிருக்கிறார்கள். தொட்டும் பெரும்பாலோர் சிக்கவில்லை. அதே ஆள், அதே பொருள், மாறியது இடம்தான். வியட்நாமில் கலப்படமில்லாத ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. சிகரெட்டில் வைத்துப் புகைத்தாலே போதும். ஊரில் விலை அதிகம், சரக்கு மட்டம், ஊசி வேண்டும், போலீஸ் பயம் வேறு.

ஆனாலும் எல்லோரும் ஒன்றுபோல் இல்லை. படையில் சேருமுன்பே போதைப் பொருள்களைத் தொட்டவர்களும், இளவயதில் சிக்கல்களில் மாட்டியவர்களும் வியட்நாமில் ஹெராயினில் இறங்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இதை மனவலிமைக் குறைவு என்று ஒதுக்குவது அநியாயம்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? 1998இல் மிங் சுவாங் என்னும் ஆய்வாளரின் குழு, வியட்நாம் போர்க்காலத்தில் படையிலிருந்த 3,000க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தது. பல போதைகளுக்கும் பொதுவான ஒரு நாட்டம் தெரிந்தது. அதில் மரபணு, வளர்ந்த குடும்பம், அவரவர் தனி அனுபவம் மூன்றுக்கும் பங்கு இருந்தது.