மகளுக்கு எந்த டீம்? – தாமிரபரணிக் கரையில் ஒரு கபடி விசாரணை

என் மகளுக்குப் பதின்மூன்று வயசு. ஸ்கூல் கபடி டீமில் ரைடர். ஸ்கூலோடு நிற்காமல் வெளி டீமிலும் ஆடணும் என்கிறாள். ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றி எந்த டீமில் சேர்க்கலாம் என்று விசாரிக்கப் போன இடத்தில், 'எந்த டீம்?' என்ற கேள்வியே இந்த வட்டாரத்துக்குப் புதுசு என்பது தெரிந்தது. பையன்கள் யாரும் டீமைத் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்த தெருவின் டீம்தான் அவன் டீம். அண்ணன் போட்டுக் கழற்றிய பனியனைத் தம்பி போட்டுக்கொண்டு களத்தில் இறங்குவான், அவ்வளவுதான். பெண் பிள்ளைக்கு அப்படிப் பிறப்பிலேயே கிடைக்கிற டீம் எதுவும் இல்லை. ஏன் இல்லை என்று தேடியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

சடுகுடு என்று ஊருக்கு ஒரு விதியோடு ஆடிக்கொண்டிருந்ததை ஒரே விதிக்குள் கொண்டுவரும் வேலை நாடு தழுவிச் சூடு பிடித்தது 1950-ல், அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு வந்தபோது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952-ல் நம்ம மெட்ராஸில்தான் நடந்தது. பெண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1955-ல், கல்கத்தாவில். மூன்றே வருஷ இடைவெளி. காகிதத்தில் பார்த்தால் பெண்கள் பெரிதாகப் பிந்திவிடவில்லை. ஆனால் ஆசிய விளையாட்டுக்கு வாருங்கள்: ஆண்கள் கபடி 1990 பீஜிங்கில் நுழைந்தது, பெண்கள் கபடி 2010 குவாங்சோவில். இருபது வருஷம்! எங்கள் கிராமங்களில் இந்த இடைவெளி இன்னும் நீளம்.

அதற்குக் காரணம் என்று எனக்குப் படுவது 'மின்னொளி கபடி'. பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ போஸ்டர் ஒட்டி, டியூப் லைட் கட்டி, மைக்கில் ஒருத்தர் விடாமல் பேசிக்கொண்டிருக்க, ராத்திரி தொடங்கி விடிய விடிய நடக்கும். பரிசாகச் சுழற்கோப்பை, ரொக்கம், சில ஊரில் கிடாவும் உண்டு. இந்தப் பக்கத்து ஆட்டக்காரர்கள் உருவானது அந்த வெளிச்சத்தில்தான். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம், ஆட முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு அடுத்த ஊர்க் களத்தில் இறங்கி ஆடிவிட்டு டெம்போவில் வீடு திரும்ப எந்தப் பெண்ணை இந்த ஊர் விட்டிருக்கும்? அதனால் பெண்கள் கபடி தெருவில் வளராமல் பள்ளிக்கூடத்தையும் கல்லூரியையும் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. பி.டி. டீச்சர் நல்லவராக வாய்த்தால் டீம் இருக்கும். அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் டீமும் போய்விடும்.

தெரு டீமில் பாசம் உண்டு. கூடவே சாதியும் உண்டு. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆழ்வார்திருநகரி, நாசரேத் வழியாகப் போனால் குரும்பூர். அதன் பக்கத்தில் மணத்தி. மாரி செல்வராஜின் 'பைசன்' (2025) பார்த்தவர்களுக்கு மணத்தி கணேசனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடியவர், 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். அதே 1995-ல் தென் மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தன. அந்த ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியது. மணத்தியும் கொடியங்குளமும் ஒரே மாவட்டம். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு பையன், எதிராளியின் காலைப் பிடித்து மடக்குவதே வேலையாக உள்ள ஓர் ஆட்டத்தை, அந்த வருஷங்களில், அந்த மண்ணில் ஆடி மேலே வந்திருக்கிறார். ஒருத்தரை ஒருத்தர் தொடாமல் ஆட முடியாத ஆட்டம் இது என்பதை மறந்துவிடக்கூடாது.

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பட்டியல் சாதி பிளஸ் ஒன் மாணவனைப் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாகின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னது அன்றைய செய்திகளில் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தகப்பனுக்கும் பனியனில் என்ன பேர், யார் படம் அச்சடித்திருக்கிறது என்பது சின்ன விஷயமாக இருக்காது. நான் முதலில் பார்த்ததே அதைத்தான். நல்ல கோச் உள்ள ஒரு டீமை அந்த ஒரு காரணத்துக்காகவே விட்டேன். "அது சும்மா பேருக்குத்தான் சார், உள்ள எல்லாப் புள்ளையளும் இருக்கு" என்றார்கள். இருக்கலாம். ஆனால் என் மகள் யாருடைய கொடியைச் சுமக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் களத்துக்கு வெளியேதான் நிற்பார்கள்.

இப்படிப் பார்த்தால் சென்னை கண்ணகி நகர் எனக்குப் பெரிய ஆச்சரியம். நகரத்தின் பல மூலைகளிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட ஜனங்கள். 'நாங்க நாலு தலைமுறையா இந்தத் தெரு' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அங்கிருந்து வந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணிக்குத் துணைத் தலைவி. பழைய தெரு இல்லாத இடத்தில் பெண்களுக்கென்று ஒரு டீம் முளைத்ததில் ஏதோ தொடர்பு இருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம். ஊகம்தான், ஆனால் என் தேடலைத் திசை திருப்பியது அதுதான். தெரு டீம்களை விட்டுவிட்டு, பல ஊர்ப் பிள்ளைகள் வந்து கலக்கிற இடமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

தொழில் புத்தி, எக்செல்லில் முப்பது கேள்வி எழுதி வைத்திருந்தேன். நாலாவது டீமுக்குள் அது நாலு கேள்வியாகச் சுருங்கிவிட்டது. வெளியூர்ப் போட்டிக்குக் கூட வரும் பெண் யார், ராத்திரி எங்கே தங்குவார்கள்? பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ் இருக்கிறதா? சப்-ஜூனியர் பெண்களுக்கு எடை வரம்பு 55 கிலோ. எடை பார்க்கும் நாளுக்காகப் பட்டினி போடுவீர்களா? இங்கே ஆடிய பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் பலர் திணறினார்கள். கோப்பைகளை அடுக்கிக் காட்டினார்கள். ஆடிய பெண்களைப் பற்றிக் கேட்டால் "கல்யாணம் ஆகிப் போயிட்டு சார்" என்ற பதில்தான். ஒரு இடத்தில் பிறந்த தேதியைக் கொஞ்சம் 'சரி பண்ணினால்' ரெண்டு வருஷம் கூடுதலாக சப்-ஜூனியர் ஆடலாம் என்று யோசனை சொன்னார்கள். அங்கிருந்து டீ குடிக்காமல் கிளம்பினேன்.

ஐந்தாவதாகப் பார்த்த டீமில் மேட் கிடையாது, மண் தரைதான். தேசியப் போட்டியெல்லாம் மேட்டில் நடக்கும்போது இது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி கொடுப்பவர் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய ஒரு அக்கா. சாயங்காலம் ஆறரைக்கு முடித்துவிடுகிறார். பனியனில் ஊர்ப் பேர்கூட இல்லை, நம்பர் மட்டும். பழைய பிள்ளைகளைக் கேட்டதும் போனை எடுத்துக் காட்டினார்: ஒருத்தி போலீஸில், ஒருத்தி பி.பி.எட். படிக்கிறாள், ஒருத்தி கைக்குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பிடி சொல்லிக்கொடுக்கிறாள்.

எங்கம்மாவுக்கு இன்னும் சம்மதமில்லை. "கால் ஒடிஞ்சா யாரு பாக்கது?" என்கிறாள். நியாயமான கேள்வி. அதையும் அந்த அக்காவிடம் கேட்டேன். முதல் மாதம் ரைடே கிடையாது, விழுவதற்கு மட்டும்தான் பழக்குவேன் என்றார். மகளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். வர்ற திங்கள்கிழமையிலிருந்து போகிறாள்.