தொழில் பழகுநரை அமர்த்துதல் (இந்தியா)

தொழில் பழகுநர் என்பவர் வேலை நடக்கும் இடத்திலேயே, வேலை அளிப்பவரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஒரு தொழிலைக் கற்றுக்கொள்பவர். பேச்சு வழக்கில் அவர் அப்ரெண்டிஸ். இந்தியாவில் அவரை அமர்த்துவதை 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் 1992ஆம் ஆண்டின் விதிகளும் நெறிப்படுத்துகின்றன. சட்டம் 1962 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கு முன்பிருந்த 1850ஆம் ஆண்டுச் சட்டம், அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் பிழைப்புக்கு ஒரு கைத்தொழில் கற்கட்டும் என்று இயற்றப்பட்டது. பத்து வயது நிரம்பிய பிள்ளையை ஏழாண்டு வரை ஒருவரிடம் ஒப்படைக்க அது இடம் கொடுத்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமோ ஆலைகளுக்குத் தேர்ச்சி பெற்ற கைகளை உருவாக்குவது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயப்படிப்பு முடித்தவர்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தனர். 2014இல் செய்த திருத்தம் விதிமீறும் உரிமையாளருக்கான சிறைத் தண்டனையை நீக்கியது. அரசின் பட்டியலில் இல்லாத தொழிற்பிரிவுகளுக்கு நிறுவனங்களே பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளவும் வழிவிட்டது.

2019இல் திருத்திய விதிகளின்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் தொழில் பழகுநர்களைச் சேர்த்தே ஆகவேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களில் அது உரிமையாளரின் விருப்பம். அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் உள்ள சிறு பட்டறைகள் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. எண்ணிக்கை, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்த மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். குறைந்த வயது 14. ஆபத்தான தொழில்களில் 18. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு உண்டு.

எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் பயிற்சி தொடங்கக் கூடாது. சேர்பவர் வயது வராதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திடுவார். ஒப்பந்த விவரங்களை ஏழு நாளுக்குள் அரசின் இணையதளத்தில் உரிமையாளர் பதிய, அரசு நியமித்த தொழில் பழகுநர் ஆலோசகர் அதைச் சரிபார்த்துப் பதிவுசெய்வார். பயிற்சிக் காலம் தொழிற்பிரிவைப் பொறுத்து ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை போகும். ஒப்பந்தத்தை ஒருதலையாக முறிக்க முடியாது. முறிவுக்கு ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும். தவறு உரிமையாளருடையது என்றால் அவர் இழப்பீடு கொடுக்கவேண்டும்.

மாத உதவித்தொகையின் கீழ்வரம்பை 2019 விதிகள் படிப்பை வைத்து வகுத்தன: எட்டாம் வகுப்பு முடித்தவருக்கு 5,000 ரூபாய், ஐடிஐ சான்றிதழ் பெற்றவருக்கு 7,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் இது 10 விழுக்காடு உயரும். 2016இல் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கிறது. 2023 முதல் அந்தத் தொகை பயிற்சி பெறுபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்கிறது. பட்டம், பட்டயம் பெற்றவர்களுக்கான தனித் திட்டத்தில் அரசின் பங்கு குறைந்தபட்சத் தொகையில் பாதி. தென் மாநிலங்களில் அதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியம்.

உதவித்தொகையைக் கூலியாகக் கருதக் கூடாது. தொழில் பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர் என்கிறது 18ஆம் பிரிவு. வருங்கால வைப்பு நிதியும் ஈஎஸ்ஐயும் அவருக்கு இல்லை. உரிமையாளருக்கு இது பெரிய சலுகை. தவறாகப் பயன்படுத்தத் தூண்டுவதும் இதுவே. ஒரு நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் பாதிச் சம்பளத்துக்கு ஒருவரை நிறுத்தி, நாள் முழுவதும் ஒரே இயந்திரத்தில் ஒரே உருப்படியைச் செய்யவைத்தால், ஓராண்டு கழித்தும் அவருக்கு அந்த ஒரு வேலைதான் தெரிந்திருக்கும். அதனால்தான் சட்டம் சில கதவுகளை அடைத்திருக்கிறது. உருப்படிக் கணக்கில் பணம் கொடுக்கக் கூடாது. உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. ஆலோசகரின் அனுமதி இல்லாமல் மிகைநேர வேலை வாங்கக் கூடாது. பயிற்சிக்குத் தொடர்பில்லாத எடுபிடி வேலைக்கு அனுப்பினால் ஒவ்வொரு முறைக்கும் 1,000 ரூபாய் அபராதம் என்று 2014 திருத்தம் கூறுகிறது. ஒரு பெரிய ஆலைக்கு இது உறைக்கும் தொகை அன்று.

பாதுகாப்பில் மட்டும் தொழிலாளிக்கும் தொழில் பழகுநருக்கும் வேறுபாடு இல்லை. தொழிற்சாலையின் உடல்நல, பாதுகாப்பு, நல ஏற்பாடுகள் எல்லாம் அவருக்கும் உரியவை. பயிற்சியின்போது காயம் பட்டால் இழப்பீடும் உண்டு.

கற்பிப்பதே உரிமையாளரின் முதற்கடமை. அந்தத் தொழிலில் அவருக்கே போதிய தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரைப் பயிற்சிப் பொறுப்பில் அமர்த்தவேண்டும். ஐடிஐ படிக்காமல் நேராக வருபவருக்கு இயந்திரத்தைத் தொடும் முன் அடிப்படைப் பயிற்சி தரவேண்டும்: அரம் பிடிப்பது, வெர்னியர் காலிப்பரில் அளவெடுப்பது, வரைபடம் படிப்பது. பிறகு முன்னேற்றத்தைப் பதிவேட்டில் குறித்து வரவேண்டும். பட்டறையில் பாடம் பெரும்பாலும் அனுபவமுள்ள ஃபிட்டரிடமோ டர்னரிடமோ இருந்துதான் கிடைக்கிறது. அவருக்கு அன்றாட உற்பத்தி இலக்கைக் குறைக்காமல் கற்பிக்கும் பொறுப்பை மட்டும் கூட்டினால் அவரால் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. பழக வந்தவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார். பயிற்சியாளரின் நேரத்துக்கும் வீணாகும் பொருளுக்கும் பணம் ஒதுக்காத நிறுவனத்தில், சட்டம் கேட்கும் தாள்கள் அனைத்தும் சரியாக இருந்தாலும் பயிற்சி நடப்பதில்லை.

காலம் முடிந்ததும் பட்டியலிட்ட தொழிற்பிரிவில் பயின்றவர் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ் பெறுகிறார். ஒப்பந்தத்தில் அப்படி நிபந்தனை இல்லாதவரை, அவரை வேலைக்கு எடுக்கவேண்டும் என்று உரிமையாளருக்கோ, அங்கேயே சேரவேண்டும் என்று அவருக்கோ கட்டாயம் இல்லை. ஆனால் பயிற்சி முடித்தவர்களை எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையை வகுத்துக்கொள்ளவேண்டும் என்று 2014 திருத்தம் கேட்கிறது. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் புதிதாக வருபவரைவிட அங்கே பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும், அவருடைய பெயர் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக வரவேண்டியதில்லை என்றும் கூறியது.