அடுக்களைக்குள் ஒரு மாணவி

கட்டடக் கலை பயில வருகிற பிள்ளைக்கு முதல் நாள் எதைச் சொல்லிக்கொடுப்பது? கோடு போடக் கற்றுக்கொடு என்பார் ஒருவர். செங்கல்லின் கணக்கைச் சொல் என்பார் இன்னொருவர். வீட்டின் வெளிப்புறத்தைப் பற்றிய மட்டில் இரண்டும் சரிதான். சுவருக்கு உள்ளே வந்துவிட்டால் விஷயம் வேறு. உள்ளே ஒருத்தி சமைக்கிறாள். ஒரு குழந்தை தவழ்கிறது. இராவேலை முடிந்து வந்தவன் பகலில் தலை சாய்க்க இடம் தேடுகிறான். இவர்களைத் தெரிந்துகொள்ளாமல் மேஜையை எங்கே போடுவது, விளக்கை எங்கே தொங்கவிடுவது?

வியன்னா நகரத்தில் ஆஸ்கார் ஸ்ட்ரனாட் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். வீடு கட்டுவதோடு நாடக மேடைக்குக் காட்சி அமைப்பதிலும் கை தேர்ந்தவர். அந்நகரத்துக் கலைத்தொழில் பள்ளியில் அவரிடம் பயின்ற மாணவி மார்கரெட்டே லிஹொட்ஸ்கி. 1897-இல் பிறந்தவர், அரசாங்க உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண். ஒரு பெண்ணை நம்பி வீடு கட்டும் வேலையை யாராவது கொடுப்பார்கள் என்று அந்தக் காலத்தில் ஒருவரும் எண்ணவில்லை. தாமே எண்ணவில்லை என்று லிஹொட்ஸ்கி பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். எண்ணாமலே படித்தார், அதுதான் ஆச்சரியம்.

1917-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தொழிலாளர் வீடுகளுக்குத் திட்டம் வரைய ஒரு போட்டி அறிவித்தார்கள். தாமும் கலந்துகொள்வதாக லிஹொட்ஸ்கி சொன்னார். ஸ்ட்ரனாட் அவர் கையில் அளவுகோலைக் கொடுக்கவில்லை. முதலில் தொழிலாளர் தெருக்களுக்குப் போய், அங்கே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா, பிறகு வரையலாம் என்று அனுப்பிவைத்தார்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஒரு பாத்திரத்தை நாற்காலியில் உட்காரவைக்குமுன், அந்த வீட்டில் நாற்காலி வாங்க வசதி உண்டா என்று அவன் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கலைப் பள்ளிகளில் வழக்கம் அப்படி இல்லை. அங்கே மாளிகைகளின் படத்தைப் பார்த்து மாளிகை வரையக் கற்பார்கள்.

அன்றைய வியன்னாவில் ஏழைத் தொழிலாளியின் வீடு என்பது பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் அடுக்களையும்தான். தண்ணீர்க் குழாய் வெளியே பொது நடையில் இருக்கும், கக்கூசும் அங்கேதான். வாடகை கட்டுபடியாகாததால் குடும்பத்தோடு அந்நியர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அறை கிடையாது, படுக்கை மட்டுமே வாடகைக்கு. வேலைக்குப் போனவன் எழுந்த படுக்கையில் வேலையிலிருந்து வந்தவன் படுப்பான். குளிர்காலத்தில் வீட்டில் கணகணப்பான இடம் அடுப்பங்கரை ஒன்றுதான். சமையல், சாப்பாடு, துணி துவைப்பது, பிள்ளைகள் பாடம் படிப்பது எல்லாம் அங்கேதான் நடந்தன.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு அவர் வரைந்தது ஓர் அடுக்களை. குடும்பம் உட்கார்ந்து வாழ்வதற்கும் இடம் உள்ள அடுக்களை. போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது.

போர் முடிந்தது. பசியோடு விறகுக்கும் பஞ்சம் வந்து, வியன்னா மக்கள் நகரத்தை அடுத்த காட்டில் மரத்தை வெட்டிக் குடிசை போட ஆரம்பித்தார்கள். அந்தக் குடியேற்ற இயக்கத்தில் அடோல்ஃப் லோஸ் என்ற பெரிய கட்டடக் கலைஞரோடு லிஹொட்ஸ்கி சில காலம் வேலை செய்தார். 1926-இல் ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தது. பிராங்பர்ட் நகரத்தில் எர்ன்ஸ்ட் மை என்பவர் தலைமையில் ஆயிரக்கணக்கான மலிவு வாடகை வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கெல்லாம் ஒரே மாதிரி அடுக்களை வேண்டும் என்றார்கள்.

அவர் அங்கே செய்த அடுக்களை சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். இரயில் வண்டியில் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடுத்தாற்போல் இருக்கும் குறுகிய சமையல் இடம் அவருக்கு முன்மாதிரி. அத்தனை சிறிய இடத்தில் நூறு பேருக்குச் சமைக்கிறார்களே, வீட்டில் ஐந்து பேருக்கு ஏன் இவ்வளவு நடக்க வேண்டும் என்பது கேள்வி. வீட்டு வேலையைத் தொழிற்சாலை வேலை போலக் கணக்கிடச் சொன்ன அமெரிக்க மாது கிறிஸ்டீன் பிரெடரிக்கின் நூல் அதற்குள் ஜெர்மன் மொழியில் வந்திருந்தது. லிஹொட்ஸ்கியும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அளந்தார்.

ஜன்னலுக்குக் கீழே வேலை மேஜை. காய் நறுக்கினால் தோலும் காம்பும் மேஜையிலேயே உள்ள பள்ளத்தின் வழியாகத் தட்டில் விழும். உட்கார்ந்து நறுக்கச் சுழலும் முக்காலி. விளக்கை ஒரு கம்பியில் இழுத்து வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாம். இஸ்திரி போடும் பலகை சுவரிலிருந்து மடங்கி இறங்கும். அரிசிக்கும் சர்க்கரைக்கும் அலுமினியத்தில் சிறு சிறு இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, பிடியோடும் மூக்கோடும். எடுத்து அப்படியே சாய்த்துக் கொட்டிவிடலாம். நம் அஞ்சறைப் பெட்டியைச் சுவரில் பதித்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈக்கள் நீல நிறத்தை விரும்புவதில்லை என்று நம்பி அலமாரிகளுக்கு நீலமும் பச்சையும் கலந்த சாயம் பூசினார்கள். 1930-க்குள் இப்படி ஏறக்குறைய 10,000 அடுக்களைகள் அமைந்தன.

இந்த அடுக்களையைச் செய்தவருக்குச் சமையல் தெரியாது. வியன்னாவில் அம்மா சமைத்துப் போட்டார். பிராங்பர்ட்டில் உணவு விடுதியில் சாப்பிட்டார். இதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பெண்ணாகப் பிறந்ததால்தான் பெண்களுக்கு ஏற்ற அடுக்களையைச் செய்தார் என்று பத்திரிகைகள் எழுதினவே, அவற்றுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

1917-இல் குடும்பம் முழுவதும் உட்கார இடம் வைத்தவர் ஒன்பது ஆண்டுகளில் ஒருத்தி மட்டும் நிற்க இடம் வைத்தது ஏன்? அவரிடம் காரணம் இருந்தது. வியன்னாவில் சமையல் அடுப்புதான் வீட்டுக்கே கணப்பு. அதனால் மனிதர்கள் அதைச் சுற்றி வாழ்ந்தார்கள். பிராங்பர்ட்டில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. அது சோற்றை வேகவைக்கும், அறையைச் சூடாக்காது. அப்படியிருக்க, புகையிலும் ஈரத்திலும் எதற்காக உட்கார வேண்டும்? சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த அறையில் மனிதரைப்போல் உட்காரட்டும். மிஞ்சுகிற நேரத்தில் பெண் படிக்கட்டும், வெளியே வேலைக்குப் போகட்டும். குழந்தையைக் கவனிக்க இரண்டு அறைக்கும் நடுவே தள்ளுகதவு வைத்தார்.

குடி வந்தவர்களுக்கு அது எல்லாருக்கும் பிடித்ததாகச் சொல்ல முடியாது. பழக்கதோஷத்தால் சிலர் சாப்பாட்டு மேஜையை உள்ளே நுழைக்கப் பார்த்தார்கள், நுழையவில்லை. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் வேலை செய்யவும் இடமில்லை. ரோமர்ஸ்டாட் என்ற பகுதியில் எல்லாமே மின்சாரம். அங்கே மின்கட்டணத்தைப் பற்றிய முணுமுணுப்பே பெரிதாக இருந்தது. இரண்டு தலைமுறைக்குப் பின்னால் வந்த பெண்ணுரிமைக்காரர்களோ, இது பெண்ணைத் தனியே பூட்டிவைத்த பெட்டி என்றார்கள்.

அந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. கால்வலியை மிச்சப்படுத்தியது சின்ன விஷயமல்ல. நின்றே காலம் கழித்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கடிகாரம் நடையை அளக்கும். கீரை ஆய்ந்துகொண்டே அடுத்த வீட்டுக்காரியோடு பேசும் பேச்சை அதில் எந்த முள் காட்டும்? தொழிலாளர் தெருவுக்குப் போய்வந்த மாணவி அதைப் பார்த்திருப்பார். 10,000 வீடுகளுக்கு ஒரே அச்சு வார்க்கும்போது அதற்கு இடம் ஒதுக்க முடியவில்லை. குறுக்கினால்தான் வாடகை குறையும் என்ற நிர்ப்பந்தமும் சேர்ந்துகொண்டது.

பிறகு நடந்தது ஒரு நாவலுக்குக் காணும். 1930-இல் எர்ன்ஸ்ட் மையோடு சோவியத் நாட்டுக்குப் போய்ப் புதிய தொழில் நகரங்களில் வேலை செய்தார். குழந்தைகளுக்கான கட்டடங்களும் மேஜை நாற்காலிகளும் வரைந்தார். 1938-இல் துருக்கி. 1940 டிசம்பரில், நாஜிகளை எதிர்த்து இரகசிய வேலை செய்ய, தெரிந்தே வியன்னாவுக்குத் திரும்பினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1941 ஜனவரி 22-இல் பிடித்துவிட்டார்கள். துருக்கியில் அவருக்குத் தோழராயிருந்த கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் ஐஷ்ஹோல்ட்சரை 1943-இல் கொன்றார்கள். இவருக்குப் பதினைந்தாண்டுச் சிறை. பவேரியாவில் ஐஹாக் சிறைச்சாலையில் இருந்தவரை 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து விடுவித்தது.

விடுதலையான பிறகும் அவருடைய வியன்னா அவருக்கு அதிகம் வேலை கொடுக்கவில்லை. கம்யூனிஸ்ட் என்பதுதான் காரணம். உலகம் அவரைத் தேடி வந்தபோது எண்பது வயது தாண்டியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அந்த அடுக்களையைப் பற்றியே கேட்டார்கள். பள்ளிக்கூடம் கட்டியதையும் சிறையில் இருந்ததையும் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்திருந்தால் அந்த அடுக்களையைச் செய்தே இருக்கமாட்டேன் என்று அவர் சலித்துக்கொண்டாராம்.

2000 ஜனவரி 18-இல் காலமானார். 103-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருந்தது. பிராங்பர்ட் வீடுகளில் பெரும்பாலான அடுக்களைகளைக் குடியிருந்தவர்கள் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். தப்பியவற்றில் ஒன்று நியூயார்க் நவீனக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அலுமினிய இழுப்பறைகள் பெயரெழுத்தோடு அப்படியே இருக்கின்றன.