மண்குவளையும் நுரைக்குவளையும்: ஓர் அளவுகோலின் வரலாறு

1991 பிப்ரவரி மாதத்தில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக வேதியியலாளர் மார்ட்டின் ஹாக்கிங், 'சயின்ஸ்' இதழில் இரண்டே பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார். சூடான பானத்திற்குக் காகிதக் குவளையே நல்லது, தெர்மாகோல் எனப்படும் பாலிஸ்டைரீன் நுரைக்குவளை கெடுதல் என்ற பொதுநம்பிக்கையை அது கேள்விக்கு உட்படுத்தியது. அதே மாதம் புதுதில்லியில், சுற்றுச்சூழலுக்கு இணக்கமான பொருள்களுக்கு முத்திரை வழங்கும் 'ஈகோமார்க்' திட்டத்தை இந்திய அரசு அரசிதழில் அறிவித்தது. அதன் இலச்சினை ஒரு மண்பானை.

ஒரு பொருளை அதன் குப்பையை மட்டும் வைத்து மதிப்பிடலாகாது, மூலப்பொருளை எடுப்பது முதல் இறுதியாக அகற்றுவது வரை முழுமையாகக் கணக்கிட வேண்டும் என்ற கருத்தே இரண்டுக்கும் அடிப்படை. இன்று 'வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு' என்று பாடத்திட்டங்களில் இடம்பெறும் முறை இதுவே. இதன் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும்: விடையின் பெரும்பகுதி, கணக்கு தொடங்குவதற்கு முன்னரே, கேள்வியை அமைக்கும் விதத்தில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

இம்முறையின் தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது 1969ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கோகோ-கோலா நிறுவனம், பானங்களை அடைக்கும் கலன்களுள் எது எவ்வளவு மூலப்பொருளையும் ஆற்றலையும் உட்கொள்கிறது, எவ்வளவு கழிவை வெளியிடுகிறது என்று ஒப்பிட்டுச் சொல்லுமாறு மிட்வெஸ்ட் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டது. அந்த ஆய்வு முழுமையாக வெளியிடப்படவில்லை. ஒரு வணிக நிறுவனம் தன் முடிவுகளுக்காக மறைவாக வைத்துக்கொண்ட கணக்கிலிருந்து இந்தத் துறை பிறந்தது என்பது நினைவில் இருத்த வேண்டிய செய்தி. பொதுமக்கள் பார்வைக்கு வந்தது, அதே ஆய்வு நிறுவனம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காகச் செய்து 1974இல் வெளியான, ஒன்பது வகைப் பானக் கலன்களின் ஒப்பீடு. அதில் திரும்பத் திரும்ப நிரப்பப்படும் கண்ணாடிப் புட்டி முன்னிலை பெற்றது. ஆனால் அந்த முன்னிலை, ஒரு புட்டி எத்தனை முறை கடைக்குத் திரும்பி வருகிறது என்ற எண்ணிக்கையைப் பொறுத்தது. புட்டியின் தரம் கண்ணாடியில் மட்டும் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கும் மக்களின் பழக்கத்திலும் இருந்தது.

முறையின் பெயர் மாறிய விதமும் கவனத்திற்குரியது. அமெரிக்கர்கள் முதலில் இதை 'வள, சுற்றுச்சூழல் விவரப் பகுப்பாய்வு' என்றனர். ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் இது 'சூழல் இருப்புநிலைக் கணக்கு' ஆயிற்று. அப்பெயர் கணக்கரின் பேரேட்டிலிருந்து வந்தது. 1990இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 'செட்டாக்' எனும் நச்சியல், வேதியியல் அறிஞர் சங்கம் கூட்டிய பயிலரங்குக்குப் பின்னரே 'வாழ்நாள் சுழற்சி' என்ற சொல் நிலைபெறத் தொடங்கியது. 'தொட்டில் முதல் கல்லறை வரை' என்ற உருவகமும் அதனுடன் பரவியது. பேரேட்டில், எதைப் பதிவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் ஒரு கணக்கர் இருப்பது வெளிப்படை. உயிரின் உருவகமோ, பொருளின் தொடக்கத்தையும் முடிவையும் இயற்கையே வகுத்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தருகிறது. உண்மையில் தொட்டில் எங்கே, கல்லறை எங்கே என்று முடிவு செய்பவர் ஆய்வாளரே.

அந்த முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் குழந்தைகளின் அணையாடை குறித்த சர்ச்சை காட்டியது. 1990, 1991 ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகளுள், பயன்படுத்தி எறியும் அணையாடையைத் தயாரிக்கும் தரப்பின் நிதியில் நடந்தவை துணி அணையாடைக்குச் சிறப்பு எதுவும் இல்லை என்றன. துணி அணையாடைகளைச் சலவை செய்து வழங்கும் தொழிலினரின் நிதியில் நடந்த ஆய்வு துணியே மேல் என்றது. எந்தத் தரப்பும் பொய்யுரைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு எத்தனை துணி, எவ்வளவு வெந்நீர், எவ்வகை உலர்த்தி என்ற அனுமானங்களை மாற்றினாலே முடிவு தலைகீழாகும். 1991இல் அமெரிக்காவின் பதினொரு மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள், பொதுவான முறை உருவாகும் வரை இத்தகைய ஆய்வுகளை விளம்பரத்திற்குப் பயன்படுத்துவதற்கு எதிராக அறிக்கை விடுத்தனர். இந்த நெருக்கடியின் ஊடாகவே 1997இல் 'ஐஎஸ்ஓ 14040' தரநிலை பிறந்தது. நோக்கத்தையும் எல்லையையும் முதலில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது.

ஹாக்கிங்கின் குவளைக்கும் இதே கதிதான். நுரைக்குவளையைவிடக் காகிதக் குவளை பல மடங்கு எடையுள்ளது. அதைச் செய்ய மரத்துடன் நீராவியும் மின்சாரமும் வேதிப்பொருள்களும் மிகுதியாகத் தேவை என்று அவர் காட்டினார். காகித ஆலைகள் தம் ஆற்றலில் பெரும்பங்கை மரக்கழிவிலிருந்தே பெறுவதை அவர் உரியவாறு கணக்கில் கொள்ளவில்லை என்று மறுப்புகள் எழுந்தன. 1994இல் அவர் கழுவிப் பயன்படுத்தும் குவளைகளையும் சேர்த்துக்கொண்டார். ஆற்றல் கணக்கில் ஒரு பீங்கான் குவளை காகிதக் குவளையை ஈடுகட்ட 39 முறையும், நுரைக்குவளையை ஈடுகட்ட 1006 முறையும் பயன்பட வேண்டும் என்றது அவரது கணக்கு. இந்தப் பெரிய எண்ணுக்குக் காரணம், வட அமெரிக்கப் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் வெந்நீருக்காகச் செலவிடும் ஆற்றல். குழாய்த் தண்ணீரில் கையால் அலசி வைக்கும் தேநீர்க் கடைக்கு அந்த எண் பொருந்தாது. ஆயினும் எண்கள் எளிதில் நாடு கடக்கின்றன. அவற்றின் அனுமானங்கள் உடன் வருவதில்லை.

இனி மண்பானை. ஈகோமார்க் திட்டம் மூலப்பொருள் முதல் அகற்றல் வரையிலான அணுகுமுறையைத் தன் அடிப்படையாக அறிவித்தது. பானை இலச்சினையானதற்கு அரசு கூறிய காரணங்கள் மூன்று: மண் புதுப்பிக்கத்தக்க வளம், பானையால் தீங்கான கழிவு இல்லை, அதைச் செய்யச் சிறிதளவு ஆற்றலே தேவை. ஆண்டுக்கணக்கில் தண்ணீரைக் குளிர்விக்கும் பானைக்கு இது பெரிதும் பொருந்தும். ஆனால் 2004இல் ரயில்வே அமைச்சரான லாலு பிரசாத் யாதவ், ரயில் நிலையத் தேநீருக்குப் பிளாஸ்டிக் குவளைக்கு மாற்றாகக் குல்ஹட் எனும் மண்குவளையை முன்வைத்தபோது கேள்வியே மாறிவிட்டது. அதே மண், அதே குயவர், அதே சூளை. ஆனால் பயன்பாடு ஒரே ஒரு முறை. துறையின் மொழியில் சொன்னால் 'செயல்பாட்டு அலகு' மாறிவிட்டது. ஒரு தேநீருக்கு ஒரு சூளையேற்றம் என்றால், விறகும் புகையும் வளமான களிமண்ணும் கணக்கில் ஏறியாக வேண்டும். மேல்மண் மீண்டும் உருவாக நெடுங்காலம் ஆகும். அதைப் புதுப்பிக்கத்தக்கது என்பது எந்தக் கால அளவில் என்றும் கேட்டாக வேண்டும்.

இதனால் குல்ஹட் தோற்றது, நுரைக்குவளை வென்றது என்று முடிவு கட்டுவது பிழை. ஆற்றலை மட்டும் அளக்கும் கணக்கில், வடிகாலை அடைக்கும் நுரைத் துண்டுக்கும், கால்நடையின் வயிற்றில் சேரும் பிளாஸ்டிக்குக்கும் பத்தியே இல்லை. சூளையை நம்பி வாழும் குயவர் குடும்பத்துக்கும் இல்லை. சமூக விளைவுகளை அளப்பதற்கான வழிகாட்டி நெறிகள் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் வாயிலாக 2009இல்தான் வந்தன. பத்தி இல்லாத இடத்தில் சுழியம் இருப்பதாகப் படிப்பதே இத்துறையில் நேரும் பெரும்பிழை.

எல்லை வகுப்பதன் விளைவைச் சட்டத்திலும் காணலாம். 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் தடை, ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் குவளைகளைப் பெயர் குறித்து விலக்கியது. அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல், தமிழ்நாடு பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகளையும் தடைப் பட்டியலில் சேர்த்திருந்தது. உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அக்குவளைகள் மீதான தடையை உறுதி செய்தது. வெளிப்பார்வைக்குக் காகிதம், உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக். அதை எந்தப் பெயரால் அழைப்பது என்பதே அதன் விதியைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று.

இந்திய ஆய்வாளருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. உலகெங்கும் புழங்கும் தரவுத்தளங்கள் பலவும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேர்கொண்டவை. நிலக்கரியைப் பெரிதும் நம்பியிருக்கும் மின்சாரம், கையால் பிரிக்கப்படும் குப்பை, பழைய பொருள் வியாபாரியின் வழியே நடக்கும் மறுசுழற்சி ஆகியவை அவற்றில் தாமாக இடம்பெறுவதில்லை. எனவே எந்த முடிவைப் படித்தாலும் நான்கு கேள்விகளை முன்வைப்பது நலம்: கேட்டவர் யார், அலகு எது, எல்லை எங்கே, எண்கள் எந்த மண்ணுக்குரியவை. இந்நான்குக்கும் விடை தராத அறிக்கை, அதன் அட்டையில் எந்த முத்திரை இருப்பினும், இன்னும் மதிப்பீடு ஆகவில்லை.