தாசிலும் மகசூலும்

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கண்டு நாம் பெருமிதம் கொள்கிறோம். ஆனால், கி.பி. 921-இல் பொறித்த குடவோலை விதி, வேதம் கற்றவரையே வாரியத்துக்கு ஏற்றது. ஏர் பிடித்தவன் வெளியே நின்றான்.

பின்னாளில் அவன் கைகட்டி நின்ற அலுவலகத்தின் பெயரும் அவனுக்கு விளங்கவில்லை. 'தாசில்' என்றார்கள்! ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியில் பாரசீகத்தின் வழியே வழங்கிய அரபுச் சொல் அது. 1763-இல் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்ற கும்பினியாரும் அதனைக் கைவிடவில்லை.

அச்சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். தமிழ், அடிச்சொல்லின் பின்னே உறுப்புகளை அடுக்கும்: செய், செய்தான், செய்தவன். அரபு அவ்வாறன்று. பெரும்பாலும் மூன்று மெய்களே வேர். அவற்றினிடையே உயிர்கள் மாறும். முன்னே ஓர் எழுத்துச் சேரும். அந்த வார்ப்புக்கேற்பப் பொருள் பிறக்கும். ஹ், ஸ், ல் என்னும் வேருக்குக் கிடைத்தல் என்பது கருத்து. 'மஹ்ஸூல்' என்றால் பெறப்பட்டது. 'தஹ்ஸீல்' என்றால் திரட்டுதல். முன்னது நம் மகசூல். பின்னது நம் தாசில். 'தார்' என்பது பாரசீக ஒட்டு. மஹ்ஸூலின் வார்ப்பிலேயே எழுதுதலைக் குறிக்கும் க், த், ப் வேரை இட்டால் 'மக்தூப்', அதாவது எழுதப்பட்டது. வக்கீலும் வக்காலத்தும்கூட ஒரு வேரின் இரு கிளைகளே.

உழவன் களத்தில் கண்டது மகசூல். அதிலிருந்து அதிகாரி திரட்டியது தாசில். உறவு சொல்லிலேயே இருந்தது, உழவனுக்குத்தான் சொல்வாரில்லை!

அரபின்மீது நமக்குப் பகையில்லை. அதன் ஒழுங்கு வியப்புக்குரியது. விளங்காத மொழியால் மக்களை வாயிலில் நிறுத்தும் வழக்கமே நமக்குப் பகை. வேதமொழி, பாரசீகம், ஆங்கிலம் எனப் பூட்டுகள் மாறின, கதவு திறக்கவில்லை. இன்று பலகையில் 'வட்டாட்சியர்' என்றிருக்கிறது. உள்ளே தரும் தாளும் உழவனுக்கு விளங்கட்டும். அன்றுதான் கதவு திறந்ததென்போம்.