ஓடியவர் பெயரில் ஓங்கும் மலைகள்

கரிபியன் தீவுகளைக் கைப்பற்றிய ஸ்பானியர், பட்டியை விட்டுக் காட்டுக்குள் ஓடிய மாட்டுக்கு 16ஆம் நூற்றாண்டில் இட்ட பெயர் ‘சிமரோன்’. கொடுமை தாளாது ஓடிய தீவின் பழங்குடியினர்க்கும், பின்னர் ஆப்பிரிக்க அடிமைகளுக்கும் அதே பெயரைச் சூட்டினர். மாடு ஓடினாலும் சிமரோன். மனிதன் ஓடினாலும் சிமரோன்! இரண்டும் தம் உடைமையே என்ற ஆணவம் அந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடக்கிறது.

ஆங்கிலேயர் நாவில் அது ‘மரூன்’ ஆயிற்று; பிரெஞ்சுக்காரர் நாவில் ‘மரோன்’ ஆயிற்று. ஜமைக்காவில் ‘மரூன் டவுன்’ என்றே ஓர் ஊர் உண்டு. அத்தீவின் மரூன்கள், குட்ஜோ என்னும் தலைவன் கீழ்ப் போரிட்டு, 1739இல் ஆங்கில ஆட்சியையே உடன்படிக்கைக்கு வரவைத்தவர்கள். இழிவாய் எறிந்த சொல், வீரத்தின் விலாசமாயிற்று!

நம்மவர் வியர்வை சிந்திய ரீயூனியன் தீவின் கதையும் அதுவே. இந்தியப் பெருங்கடலிலுள்ள அத்தீவுக்கு 1723இல் பிரெஞ்சு மன்னன் பெயரால் ஒரு சட்டம் வந்தது. அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னது அச்சட்டம். ஒரு மாதம் ஓடி ஒளிந்தால் காதை அறுத்துத் தோளில் சூடு போடச் சொன்னதும் அதே சட்டம்! இரண்டாம் முறை ஓடினால் கால் நரம்பு அறுபடும். மூன்றாம் முறை உயிரே போகும். ஆண்டவன் பெயரும் ஆண்டையின் கத்தியும் ஒரே ஏட்டில் குடியிருந்தன.

ஆயினும் ஓடினர், மலையேறினர். இன்று அத்தீவின் வரைபடத்தைப் பாருங்கள். மலை சூழ்ந்த பெரும்பள்ளம் ஒன்றின் பெயர் மஃபாத். சிகரம் ஒன்றின் பெயர் அன்ஷேன். இரண்டும் தப்பியோடிய அடிமைகளின் பெயர்கள். காதை அறுத்தவர்களால் பெயரை அறுக்க முடியவில்லை.

1848 டிசம்பர் 20இல் அங்கே 60,000க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். அதன்பின் கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் ஆயிரமாயிரம் தமிழர் கப்பலேற்றப்பட்டனர். தமிழ்க் கரையிலிருந்து சென்ற அவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் ‘மலபார்’! பெயரிடும் உரிமை யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் தெருக்களுக்கு வருவோம். ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்கு வசைக்குறியாகிவிட்ட ‘காலனி’ என்ற சொல், அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்போம். ஆனால், இழிசொல்லை அழித்த இடம் வெற்றிடமாய் இருக்கலாமா? அத்தெருவில் பொதுக்கிணற்றுக்காகவும் பள்ளிக்காகவும் கூலிக்காகவும் எதிர்த்து நின்றவர் யார் என்று முதியோரிடம் கேட்போம். கேட்டு எழுதுவோம். எழுதிய பெயரைத் தெருமுனையில் ஏற்றுவோம்!