வரைந்த வானமும் வரையாத கல்லும்

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் நிலத்தின் நடுவே எழுந்து நிற்கிறது கழுகுமலை. கீழே கறுத்த மண். மேலே கண் கூசும் வானம். இடையே வெளிறிய பாறை. இக்காட்சியைப் படமெடுப்போர் ஓர் இக்கட்டில் அகப்படுவர். வானுக்கேற்ப ஒளியை அளந்தால் மண் இருண்டு மறையும். மண்ணுக்கேற்ப அளந்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ஆகவே, எடுத்தபின் படத்தைத் திருத்துகின்றனர். இது கணிப்பொறிக் காலத்துக் கள்ளத்தனம் என்று கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

சென்னை மாகாண அரசு 1856-இல் தன் புகைப்படக்காரராக நியமித்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-இல் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். மெழுகேற்றிய காகிதமே அவருடைய நெகட்டிவ். அந்நாளைய ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு மிகுதியாகவும், பச்சைக்கும் சிவப்புக்கும் மிகக் குறைவாகவும் இணங்கிற்று. அதனால் நம் நாட்டு வானம் வெறுமையாகவும் மரங்கள் கரித்திட்டுகளாகவும் பதிந்தன. டிரைப் தூரிகையை எடுத்தார். நெகட்டிவின்மீது வண்ணம் தீட்டி வானில் மேகங்களை வருவித்தார். இலைகளுக்கு வெளிச்சம் கொடுத்தார். நெகட்டிவில் கறுப்பாயிருப்பதே அச்சில் வெளுப்பாகும். ஆதலின் எல்லாவற்றையும் தலைகீழாக எண்ணித் தீட்டவேண்டிய நுண்பணி அது. அதே பத்தாண்டில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானுக்கு மற்றொன்றுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார்.

டிரைப்பின் மேகங்களைக் கொண்டு 1858-ஆம் ஆண்டின் மழையை எவரும் ஆராய முடியாது. ஆயினும் அவர்மீது எனக்குக் கோபமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் தொடர்ச்சியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட சுருளாக்கியவரும் அவரே. அங்கே எழுத்துத் தெரியவேண்டும், அவ்வளவுதான். 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இப்பணியை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்திவிட்டார். நட்டம் நமக்கே.

கழுகுமலைக்கு வருவோம். அங்கே பாறைச் சரிவில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தேய்ந்த எழுத்துகள் அவை. சாய்ந்து விழும் வெயிலில்தான் கோடுகள் நிழல் பெற்று எழும், உச்சிவெயிலில் தட்டையாகிவிடும். மாலையின் கனத்த உணர்வை ஊட்டவேண்டி நிழலை மேலும் இருட்டாக்கினாலோ, உருவங்கள் தப்பும், பெயர்கள் போய்விடும்.

டிரைப் தூரிகையால் செய்ததைக் கணிப்பொறி இன்று நொடியில் செய்கிறது. 2020-இல் ஃபோட்டோஷாப் மென்பொருள் வானத்தையே மாற்றிவைக்கும் வசதியைத் தந்தது. எந்நாட்டு மேகத்தையும் கழுகுமலைக்கு மேல் கவிக்கலாம். சுவரில் மாட்டும் படமாயின் குற்றமில்லை. ஆனால், புதிய வானில் ஒளி ஒரு திசையிலிருந்து வர, பாறையின் நிழல் பழைய சூரியனையே காட்டிக்கொண்டிருக்கும். கூர்ந்து பார்ப்போரின் கண் அதை உடனே கண்டுகொள்ளும்.

வேட்டுவன் கோயிலில் இக்கவனம் இன்னும் தேவை. எட்டாம் நூற்றாண்டளவில், பாண்டியர் காலத்தில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முற்றுப்பெறாமல் விட்ட கோயில் அது. விமானம் வெயிலில் ஒளிர்கிறது. வேலை முடியாத அடிப்பகுதி பள்ளத்து நிழலில் கிடக்கிறது. அந்நிழலைக் கறுப்பாக்கினால் படம் மிக அழகாயிருக்கும். சிற்பியின் உளி எந்த இடத்தில் நின்றது என்பது மட்டும் தெரியாது.